ஆஃப்ரிஸ்கி பனிச்சறுக்கு: டர்பன், ஜோஹன்னஸ்பர்க் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜூன் பிறந்துவிட்டால் சாட்ஸ்வர்த்திலும் லெனேசியாவிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். மேலே பனி இருக்கிறதா? சறுக்குபவர்களைச் சரிவின் மேலே இழுத்துப் போகும் லிஃப்ட் ஓடுகிறதா? இவ்வளவு செலவு செய்து போய் ஏமாந்து திரும்புவோமா? வருஷா வருஷம் ஆஃப்ரிஸ்கி மலைக்குப் போய் வருகிறவன் என்பதால் என்னிடம் வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதிவிட்டேன். கட்டணம் பருவத்துக்குப் பருவம் மாறும், அதனால் விலை எதையும் போடவில்லை.

நம் பக்கத்தில் பனிச்சறுக்குக்கு எங்கேதான் போவது?

பெரும்பாலோர் போகும் ஆஃப்ரிஸ்கி தென்னாப்பிரிக்காவில் இல்லை, லெசோத்தோவில் இருக்கிறது. மலூட்டி மலைத்தொடரில், கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேலே. பூத்தா-பூத்தேயிலிருந்து மொகோட்லோங் போகும் ஏ1 சாலையில், மஹ்லசேலா கணவாய்க்குப் பக்கத்தில். முக்கியச் சரிவு சுமார் ஒரு கிலோமீட்டர் நீளம். புதிதாகப் பழகுகிறவர்களுக்குச் சின்னச் சரிவு தனியாக உண்டு. ஆல்ப்ஸ் மலையில் சறுக்கிவிட்டு வந்தவர்களுக்கு இது ரொம்பச் சின்னதாகத் தெரியும். ஆனால் டர்பனில் விடியற்காலையில் கிளம்பி அன்றைக்கே போய்ச் சேரக்கூடிய பனிச்சரிவு, நம்பிப் போகிற அளவுக்கு, இது ஒன்றுதான்.

ஈஸ்டர்ன் கேப்பில் ரோட்ஸ் கிராமத்துக்கு மேலே டிஃபின்டெல் இருக்கிறது. அதன் கதை கீழே வரும். வெஸ்டர்ன் கேப்பில் சீரஸ் ஊருக்கு அருகே 2,249 மீட்டர் உயர மாட்ரூஸ்பர்க் மலையில், பனி விழுந்த நாட்களில் கேப் டவுன்காரர்கள் போய்ச் சறுக்குவார்கள். வானம் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

பனி இருக்கிறதா என்று கிளம்பும் முன்னாலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

முடியும். ஆனால் மக்கள் பார்ப்பது வேறு, பார்க்க வேண்டியது வேறு. எல்லோரும் "பனி விழுமா" என்று வானிலை அறிக்கையில் தேடுகிறார்கள். நான் தேடுவது இரவுக் குளிரையும் காற்றின் ஈரப்பதத்தையும்.

காரணம் இதுதான். லெசோத்தோ மலைகளில் மழைக்காலம் கோடை. குளிர்காலம் வறண்டது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எப்போதாவது தெற்கிலிருந்து ஒரு குளிர் அலை ஏறி வந்தால்தான் வானத்திலிருந்து பனி விழும். அதை மட்டும் நம்பி மூன்று மாதம் ஒரு சரிவைத் திறந்து வைக்க முடியாது. ஆகவே அங்கே நீங்கள் சறுக்கும் பனியில் பெரும்பகுதி இரவோடு இரவாக இயந்திரம் தயாரித்தது. தண்ணீரையும் அழுத்திய காற்றையும் சேர்த்து நுண்துளிகளாகப் பீய்ச்சி அடிப்பார்கள். தரையைத் தொடும் முன் அந்தத் துளிகள் உறைந்துவிட வேண்டும்.

இதற்கு வெப்பமானி காட்டும் எண் மட்டும் போதாது. மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ அதேபோல், காற்று வறண்டிருந்தால் துளியின் மேற்பரப்பு ஆவியாகித் துளியைக் கூடுதலாகக் குளிர்விக்கும். இப்படி ஆவியாகிக் குளிரக்கூடிய அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பார்கள். அது சுழியத்துக்குக் கீழே 2 டிகிரிக்காவது இறங்கினால்தான் பனி இயந்திரம் ஒழுங்காக வேலை செய்யும். காற்றின் வெப்பநிலை சுழியத்துக்கு மேலே 2 டிகிரி, ஈரப்பதம் 20 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் ஈரக்குமிழ் அளவு ஏறத்தாழ சுழியத்துக்குக் கீழே 4, 5 டிகிரிக்குப் போய்விடும், பனி தயாரிக்கலாம். அதே 2 டிகிரியில் ஈரப்பதம் 90 சதவீதம் என்றால் ஒன்றும் நடக்காது. மலூட்டியின் வறண்ட, மேகமில்லாத இரவுகள்தான் அந்த இடத்தை வாழ வைக்கின்றன.

எனவே போகிற நாளுக்கு முந்தைய ஐந்தாறு இரவுகளைப் பாருங்கள். தொடர்ந்து தெளிந்த வானமும் கடுங்குளிரும் இருந்தால் சரிவு நன்றாக இருக்கும். முந்தைய வாரம் முழுக்க மேகமூட்டமும் வெதுவெதுப்பான வடமேற்குக் காற்றுமாக இருந்தால், சரிவின் ஓரங்களில் பழுப்பு மண் எட்டிப் பார்க்கும்.

பனி விழுந்த செய்தி வந்ததும் கிளம்பினால் நன்றாக இருக்குமே?

தயவுசெய்து வேண்டாம். இதைத்தான் நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். டிராக்கன்ஸ்பர்க் மலைத்தொடர் வெள்ளையாகி, படங்கள் எல்லோர் கைப்பேசியிலும் சுற்ற ஆரம்பித்த அன்றைக்கு மலைக்குப் போவதுதான் ஆக மோசமான முடிவு.

2024 செப்டம்பர் 20, 21 தேதிகளில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். ஹாரிஸ்மித், வான் ரீனன் கணவாய்ப் பகுதியில் கொட்டிய பனியில் என்3 நெடுஞ்சாலையே மூடப்பட்டது. லாரிகளும் கார்களுமாக ஏராளமான வண்டிகள் இரவு முழுக்க மாட்டிக்கொண்டன, உயிரிழப்பும் நேர்ந்தது. அது டர்பனையும் ஜோஹன்னஸ்பர்க்கையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை. அதற்கே அந்தக் கதி என்றால், ஆஃப்ரிஸ்கி போகும் வழியில் கொண்டை ஊசி வளைவுகளோடு 2,820 மீட்டர் வரை ஏறும் மோட்டெங் கணவாயைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

பனி விழுந்து, சாலையைச் சுத்தம் செய்து, வானம் தெளிந்த பிறகு மூன்று நான்கு நாள் கழித்துப் போங்கள். விழுந்த பனியும் இருக்கும், அதற்கு மேல் இரவில் தயாரித்த பனியும் இருக்கும். படம் எடுக்க வந்த கூட்டமும் கலைந்திருக்கும்.

எந்த மாதம், எந்தக் கிழமை?

ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை. ஜூன் தொடக்கத்தில் அடிப்பனி இன்னும் கனமாகியிருக்காது. ஆகஸ்ட் கடைசியில் பகல் வெயில் சரிவைத் தின்ன ஆரம்பித்துவிடும்.

கிழமை என்றால் செவ்வாய், புதன், வியாழன். பள்ளி விடுமுறை வாரங்களும், ஆகஸ்ட் 9 மகளிர் தினத்தை ஒட்டி வரும் நீண்ட வார இறுதியும் கூட்டம் அலைமோதும். ஒரு நாள் லீவு போட்டுவிட்டு வார நடுவில் போனால், அதே கட்டணத்தில் இரண்டு மடங்கு சறுக்கலாம்.

காலையில் சரிவு கல் மாதிரி இருக்கிறது, பராமரிப்பு சரியில்லையா?

இல்லை, அது வெயிலும் இரவும் சேர்ந்து செய்யும் வேலை. பகலில் மேல்பரப்பு லேசாக உருகுகிறது, ராத்திரி மறுபடி இறுகிவிடுகிறது. இரவில் சரிவைச் சீவும் இயந்திரம் போய்வந்த தடத்தில் வரிவரியாகக் கோடுகள் தெரியும். காலை ஒன்பது மணிக்கு அந்தக் கோடுகள் மேல் ஸ்கீயின் (காலில் மாட்டும் சறுக்குப் பலகையின்) விளிம்பு படும்போது கரகரவென்று சத்தம் கேட்கும். புதியவர்கள் அந்த நேரத்தில் சறுக்கினால் விழுந்து இடுப்பில் அடி வாங்குவார்கள். அவர்கள் பத்தரை மணிக்கு மேல் தொடங்கட்டும். பதினொன்றிலிருந்து ஒன்று வரை அருமையாக இருக்கும். இரண்டு மணிக்குப் பிறகு அடிவாரத்தில் சொதசொதவென்று ஆகும், முழங்கால் திருகிக்கொள்வது பெரும்பாலும் அப்போதுதான். வெயில் மலைக்குப் பின்னால் போனதும் மறுபடி இறுகிவிடும்.

இன்னொன்று: நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் சூரியன் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து போகிறது. அதனால் தெற்கு பார்த்த சரிவில்தான் பனி நிற்கும். பக்கத்து மலைகளைப் பார்த்தாலே தெரியும். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் காய்ந்த புல்.

டி-பார் என்றால் என்ன? பயமாக இருக்கிறதே.

தலைகீழான "டி" எழுத்து வடிவக் கம்பி. மேலே ஓடும் கம்பிவடத்திலிருந்து தொங்கும். இருவர் ஆளுக்கொரு பக்கம் நின்றால் பின்பக்கமாகத் தள்ளி மேலே இழுத்துக்கொண்டு போகும். பலரும் செய்யும் தப்பு, அதன்மேல் உட்காரப் பார்ப்பது. அது நாற்காலி இல்லை, உட்கார்ந்தால் கயிறு நீண்டுவிடும், நீங்கள் தரையில் இருப்பீர்கள். முழங்காலைச் சற்று மடக்கி நின்றபடியே இருங்கள். இரண்டு ஸ்கீயும் தடத்துக்குள் நேராக இருக்கட்டும். பக்கத்தில் இருப்பவர் மேல் சாயாதீர்கள்.

உயரம் ரொம்ப வித்தியாசப்படும் இருவர் சேர்ந்து ஏறினால் கம்பி ஒருவருக்குத் தொடையிலும் மற்றவருக்கு முதுகிலும் முட்டும். அண்ணனும் தம்பியும் ஏறலாம், அப்பாவும் ஆறு வயதுப் பிள்ளையும் ஏறுவது கஷ்டம். சின்னப் பிள்ளைகளைப் பழகும் சரிவிலேயே விடுங்கள், அங்கே ஆசிரியர் பார்த்துக்கொள்வார்.

பாதியில் விழுந்துவிட்டால் கம்பியைப் பிடித்துத் தொங்காதீர்கள். விட்டுவிட்டு உருண்டாவது தடத்தைவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பின்னால் அடுத்த ஜோடி வந்துகொண்டிருக்கும்.

லிஃப்ட் ஏன் அடிக்கடி நின்று நின்று ஓடுகிறது?

நான் கேள்விப்படும் புகாரில் பாதி இதுதான். காரணங்களைத் தெரிந்துகொண்டால் கோபம் கொஞ்சம் குறையும், கோபப்பட வேண்டிய இடமும் தெரியும்.

ஒரு நிமிடத்துக்குள் நின்று மறுபடி ஓடினால், யாரோ விழுந்திருக்கிறார்கள், இயக்குபவர் பொத்தானை அழுத்தியிருக்கிறார் என்று அர்த்தம். அது பாதுகாப்பு. புதியவர்கள் நிறைந்த ஒரு சனிக்கிழமையில் இது ஓயாமல் நடக்கும். உச்சியில் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் தாண்டிப் போனாலும் அங்கே இருக்கும் பாதுகாப்புத் தடை பட்டு லிஃப்ட் தானாகவே நின்றுவிடும்.

ஐந்து, பத்து நிமிடம் நின்றால் மின்சாரத்தைச் சந்தேகிக்கலாம். லெசோத்தோவின் சொந்த நீர்மின் நிலையமான முவேலாவின் திறன் 72 மெகாவாட். குளிர்காலத் தேவைக்கு அது போதாது, மீதியைத் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் வாங்குகிறார்கள். மலையில் பனிப்புயல் அடித்தால் மின்கம்பிகளும் அறுந்துபோகும்.

அரை மணி, ஒரு மணி என்று நின்றால் பெரும்பாலும் இயந்திரக் கோளாறு. கம்பிவடம் சக்கரத்திலிருந்து விலகியிருக்கலாம், பலத்த பக்கக் காற்றிலும் இது நடக்கும். அப்போது ஆள் ஒவ்வொரு கோபுரமாக ஏறிப் பார்த்தாக வேண்டும். அதை அவசரப்படுத்தச் சொல்லி யாரும் கத்தக் கூடாது. ஆனால் கீழே வரிசையில் நிற்பவர்களிடம் "இது ஒரு மணி நேரமாகும், போய்ச் சூடாக ஏதாவது குடியுங்கள்" என்று ஒருவர் வந்து சொல்ல வேண்டும். எந்த மலையாக இருந்தாலும் நான் நிர்வாகத்திடம் எதிர்பார்ப்பது இதைத்தான். கோளாறு வருவது சகஜம். காரணம் தெரியாமல் ஜனங்களைக் குளிரில் நிறுத்தி வைப்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியாது.

இவ்வளவு கூட்டம் வருகிறதே, இன்னொரு லிஃப்ட் போட்டால் என்ன?

நியாயமான கேள்விதான், ஆனால் கணக்கைப் பாருங்கள். இழுவை லிஃப்ட் வினாடிக்கு இரண்டரை மீட்டர் வேகத்தில் போனால் ஒரு கிலோமீட்டர் ஏற ஆறரை நிமிடத்துக்கு மேல் ஆகும். இறங்க, பழகியவருக்கு இரண்டு நிமிடம்கூட வேண்டாம். அதாவது சறுக்குபவர்கள் எல்லோரும் நாளில் பெரும்பகுதியைக் கம்பியிலோ வரிசையிலோதான் கழிப்பார்கள். இன்னொரு லிஃப்ட் போட்டால் வரிசை குறையும், ஆனால் சரிவில் ஒரே நேரத்தில் இருப்பவர் எண்ணிக்கை கூடும். அகலம் குறைவான ஒரே சரிவில் பாதிப்பேர் புதியவர்கள் என்றால் மோதல்தான்.

சரி, சரிவை அகலமாக்கலாம் என்றால் அதற்குப் பனி வேண்டும். ஒரு கிலோமீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 40 செ.மீ. கனம் என்று வைத்துக்கொண்டால் 12,000 கன மீட்டர் பனி. ஒரு கன மீட்டர் தண்ணீரிலிருந்து இரண்டு, இரண்டரை கன மீட்டர் பனிதான் கிடைக்கும். ஆக ஒரு தடவை மூடுவதற்கே சுமார் 50, 60 லட்சம் லிட்டர் தண்ணீர். உருகி வீணாவதைத் திரும்ப நிரப்புவது தனி. இதையெல்லாம் மூன்று மாத வருமானத்தில் செய்ய வேண்டும். எனவே இரண்டாவது லிஃப்டைவிட, ஒரு நாளைக்கு இத்தனை பேருக்குத்தான் அனுமதி என்று கண்டிப்பாக வரம்பு வைப்பதைத்தான் நான் ஆதரிப்பேன்.

லிஃப்ட் ஓடாவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா?

வாங்கும் முன்னாலேயே கேளுங்கள். பெரும்பாலான பனிச்சறுக்குத் தளங்களில் சீட்டின் பின்பக்கமோ இணையத்தில் பதிவு செய்யும் இடத்திலோ நிபந்தனை எழுதியிருக்கும். வானிலைக்கும் மின்தடைக்கும் பணம் திரும்பாது என்றுதான் பொதுவாக இருக்கும். கேட்க வேண்டியவை: எத்தனை மணி நேரம் நின்றால் மாற்றுச் சீட்டு தருவார்கள்? முக்கியச் சரிவு மூடி, பழகும் சரிவு மட்டும் திறந்திருந்தால் கட்டணம் குறையுமா? பதிவு செய்த தேதியை மாற்றலாமா? பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள், தொலைபேசியில் கேட்டது காற்றோடு போய்விடும்.

நின்றுவிட்டால், நின்ற நேரத்தையும் மறுபடி ஓடத் தொடங்கிய நேரத்தையும் குறித்து வையுங்கள். சீட்டைப் படம் எடுங்கள். அன்றைக்கே, அங்கேயே கேளுங்கள். வீட்டுக்கு வந்து கோபமாக நான்கு பக்கம் எழுதுவதைவிட, தேதி, நேரம், எந்த லிஃப்ட், என்ன வேண்டும் என்று நான்கு வரி எழுதினால் பதில் வரும்.

டிஃபின்டெல் என்ன ஆயிற்று?

மனசு கனக்கிற விஷயம். 1993-ல் தொடங்கிய இடம் அது. பென் மக்டூயி மலையில், 2,700 மீட்டருக்கு மேலே. ஒரு கட்டத்தில் சில வருஷம் மூடிக் கிடந்தது, 2013-ல் மறுபடி திறந்தது. அங்கே பயிற்சிக் கூடம் நடந்தது, சர்வதேசப் பனிச்சறுக்குக் கூட்டமைப்பின் கணக்கில் சேரும் போட்டிகள் நடந்தன. கொரோனா காலத்துக்குப் பிறகு பனிச்சறுக்குத் தளமாகத் தொடர்ந்து நடக்கவில்லை.

காரணம் பனி மட்டும் இல்லை. ரோட்ஸிலிருந்து மேலே போகும் கரடுமுரடான மண்சாலை, எந்தப் பெரிய நகரத்திலிருந்தும் முழு நாள் பயணம், வருஷத்தில் மூன்று மாத வருமானம். இந்த மூன்றும் சேர்ந்தால் எந்த நிர்வாகமும் திணறும். அந்தப் பகுதியில் வளர்ந்து டிஃபின்டெல்லில் சறுக்கக் கற்ற ஸிவே ஸ்பீல்மன் 2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கிற்குத் தகுதி பெற்றார். தரம் போதாது என்று சொல்லி தென்னாப்பிரிக்க ஒலிம்பிக் அமைப்பு அவரை அனுப்பவில்லை. ஒரு சின்ன மலையிலிருந்து அவ்வளவு தூரம் வந்த பையனை அனுப்பியிருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நம் பிள்ளைகளுக்குப் பனிச்சறுக்கு பிடித்துப்போனால், அவர்கள் முன்னேறுவதற்கு நாட்டுக்குள் ஒரு மலை இருந்தாக வேண்டும். டிஃபின்டெல் மறுபடி திறந்தால் முதல் பருவத்திலேயே போய் ஆதரிப்பேன்.

டர்பனிலிருந்து எந்த வழி? சானி கணவாய் கிட்டமாகத் தெரிகிறதே?

வரைபடத்தில் கிட்டம்தான். ஆனால் சானி கணவாயில் ஃபோர் பை ஃபோர் வண்டியை மட்டுமே விடுவார்கள். 2,876 மீட்டர் உச்சிக்குக் கீழே இருக்கும் வளைவுகளில் குளிர்காலத்தில் தண்ணீர் வழிந்து கண்ணாடியாக உறைந்திருக்கும். எல்லைச் சாவடி மாலை ஆறு மணிக்கே மூடிவிடும். மேலே போன பிறகும் மொகோட்லோங் வழியாக இன்னும் வெகுதூரம் சுற்ற வேண்டும். பனிச்சறுக்குப் பயணத்துக்கு அந்த வழி வேண்டாம்.

என்3-ல் ஹாரிஸ்மித் வரை போய், கோல்டன் கேட், கிளாரன்ஸ், ஃபூரிஸ்பர்க் வழியாகக் கலெடன்ஸ்போர்ட் சாவடிக்குப் போங்கள். அங்கிருந்து பூத்தா-பூத்தே, மோட்டெங் கணவாய், அப்புறம் ஆஃப்ரிஸ்கி. சாவடியிலிருந்து மேலே முழுக்கத் தார்ச்சாலைதான், ஆனாலும் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கலெடன்ஸ்போர்ட் இரவு பத்து மணிக்கு மூடும். தாமதமானால் 24 மணி நேரமும் திறந்திருக்கும் ஃபிக்ஸ்பர்க் பாலம் இருக்கிறது. எப்படியானாலும் மோட்டெங் கணவாயை இருட்டில் ஏறாதீர்கள். வளைவில் கம்பளி போர்த்திய இடையர்களும் ஆடுகளும் சாலையில் நிற்பார்கள், நிழலான இடங்களில் கண்ணுக்குத் தெரியாத உறைபனி இருக்கும்.

எல்லையில் என்ன கேட்பார்கள்?

எல்லோருக்கும் பாஸ்போர்ட். தென்னாப்பிரிக்கக் குடிமக்களுக்கு விசா வேண்டாம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் லெசோத்தோ விசாவையும், திரும்பித் தென்னாப்பிரிக்காவுக்குள் நுழையும் அனுமதியையும் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அப்பா அல்லது அம்மா ஒருவர் மட்டும் பிள்ளைகளைக் கூட்டிப் போனால், பிறப்புச் சான்றிதழும் மற்றவரின் சம்மதக் கடிதமும் கையில் இருக்கட்டும். வண்டி வங்கிக் கடனில் இருந்தால் வங்கியின் அனுமதிக் கடிதம், வாடகை வண்டி என்றால் நிறுவனத்தின் கடிதம். ராண்ட் எங்கும் செல்லும். லெசோத்தோ பணமான லோட்டியும் ராண்டும் ஒன்றுக்கு ஒன்று, ஆனால் மீதியாகக் கிடைக்கும் லோட்டி நோட்டை இங்கே வாங்க மாட்டார்கள், அங்கேயே செலவழித்துவிடுங்கள்.

டர்பன் வண்டிக்கு என்ன தயாரிப்பு?

கடற்கரை ஊர் வண்டிகளில் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு. மலையில் ஒரே இரவில் அது உறைந்து எஞ்சினையே பிளந்துவிடலாம். கிளம்பும் முன் உறைதடுப்பு திரவத்தின் அளவைக் கராஜில் சோதிக்கச் சொல்லுங்கள். கண்ணாடி கழுவும் தண்ணீருக்கும் இதே கவனம். டீசல் வண்டி என்றால் டர்பனில் முழுத் தொட்டி நிரப்பாமல், பாதியை மேட்டுநிலத்தில் நிரப்புங்கள், அங்கே குளிர்காலத்துக்கான டீசல் கிடைக்கும். பழைய பேட்டரி அங்கே கை கொடுக்காது.

இரவில் நிறுத்தும்போது கியரில் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டைக் கொடுங்கள். ஈரமாக இருக்கும் கை பிரேக் இழுத்தபடியே உறைந்துவிடும். காலையில் கண்ணாடியில் சுடுதண்ணீர் ஊற்றினால் விரிசல் விடும். பெட்ரோல் பூத்தா-பூத்தேயில் நிரப்பிக்கொள்ளுங்கள். பனி விழும் என்று அறிவிப்பு இருந்தால் டயர்ச் சங்கிலி இல்லாமல் மேலே போகாதீர்கள்.

ஆடி மாதத்தில் போகலாமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

பனி நன்றாக இருக்கும் வாரங்களும் ஆடியும் ஒன்றாகத்தான் வருகின்றன. மாரியம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் காலம், பல வீடுகளில் கவிச்சி கிடையாது. கோயில் நாள் பெரும்பாலும் வார இறுதியில் வைக்கப்படுவதால், வார நடுவில் மலைக்குப் போய் வந்தால் இரண்டும் நடக்கும். கூட்டமும் இருக்காது.

மலை உணவகத்தில் சைவம் என்றால் பெரும்பாலும் சிப்ஸ், பீட்சா, சூப் என்ற அளவில்தான். சமையல் வசதியுள்ள தங்குமிடம் எடுத்து, வீட்டிலிருந்து கொண்டுபோவதே உத்தமம். ஒன்று மறக்காதீர்கள்: 3,000 மீட்டரில் தண்ணீர் ஏறத்தாழ 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். சாதாரணப் பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது, பிரஷர் குக்கர் எடுத்துக்கொண்டு போங்கள். புளிச்சாதம், தயிர் மிளகாய், ஊறுகாய் இருந்தால் முதல் நாள் சமையலே வேண்டாம். இறைச்சி, பால் பொருட்களுக்கு எல்லையில் கட்டுப்பாடு இருக்கும், கேட்டுவிட்டு எடுத்துப் போங்கள்.

வயதானவர்களையும் குழந்தைகளையும் கூட்டிப் போகலாமா?

கடல் மட்டத்திலிருந்து ஒரே நாளில் 3,000 மீட்டர் ஏறுகிறீர்கள். காற்றழுத்தம் அங்கே கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம்தான். முதல் ராத்திரி தலைவலி, தூக்கமின்மை, லேசான குமட்டல் சகஜம். வழியில் கிளாரன்ஸில் ஓர் இரவு தங்கினால் உடம்பு பழகிக்கொள்ளும். நிறையத் தண்ணீர் குடியுங்கள், முதல் நாள் மது வேண்டாம். இதய நோய், மூச்சுத் தொல்லை, இரத்தசோகை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் வரக் கூடாது. தலைவலி கூடிக்கொண்டே போய், நடை தடுமாறினாலோ உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியும் வரை காத்திருக்காமல் கீழே இறக்கிவிடுங்கள்.

வெயிலையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். நம் நிறத்துக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் சாயங்காலம் மூக்கும் உதடும் வெந்துபோய்த் திரும்புவதைப் பார்த்திருக்கிறேன். தாடைக்கு அடியிலும் சன்ஸ்கிரீன் தடவுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

உடை?

ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் காயாது. உடம்போடு ஒட்டிய மெல்லிய உள்ளாடை, அதன்மேல் கம்பளி, அதன்மேல் தண்ணீர் புகாத ஜாக்கெட்டும் பேன்ட்டும். கையுறையில் சிக்கனம் பார்க்காதீர்கள். காலுறை ஒன்றே ஒன்று, முழங்கால் வரை நீளமாக. இரண்டு போட்டால் இரத்தம் ஓடாமல் விரல் மரத்துப்போகும். வாடகை பூட்ஸ் போட்டதும் நேராக நின்றால் கட்டைவிரல் முன்னால் லேசாக முட்ட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். அப்படி இல்லாவிட்டால் கூச்சப்படாமல் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

அடிபட்டால்?

கிளம்பும் முன் உங்கள் மெடிக்கல் எய்டு லெசோத்தோவில் செல்லுமா, ஆம்புலன்ஸும் ஹெலிகாப்டரும் அதில் அடங்குமா என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாடு என்பதால் தனிப் பயணக் காப்பீடு தேவைப்படலாம். பக்கத்து அரசு மருத்துவமனை பூத்தா-பூத்தேயில்தான், கணவாய் இறங்கிப் போக வேண்டும். முழங்கால் திருகிக்கொண்டால் எழுந்து நின்று பார்க்காதீர்கள். சரிவில் குறுக்காக இரண்டு ஸ்கீயை நட்டு வைத்துவிட்டு உதவி வரும்வரை காத்திருங்கள். தலைக்கவசம் எல்லோருக்கும், பெரியவர்களுக்கும்.

எங்களில் யாருக்குமே சறுக்கத் தெரியாது. சும்மா பார்த்துவிட்டு வரலாமா?

தாராளமாக. ஆனால் அவ்வளவு தூரம் போய்விட்டு ஒரு மணி நேரப் பயிற்சியாவது எடுக்காமல் வராதீர்கள். நிறுத்தவும் திரும்பவும் அதற்குள் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். மீதி நேரத்தில் ஏ1 சாலையில் மொகோட்லோங் பக்கமாக இன்னும் கொஞ்சம் ஓட்டினால் 3,251 மீட்டர் உயர ட்லாயெங் கணவாய் வரும். 2006-ல் 603 காரட் வைரம் கிடைத்த லெட்செங் சுரங்கமும் அந்த வட்டாரத்தில்தான். வழியில் அந்த நாட்டின் பாசுத்தோ மக்களைப் பார்த்தால் வணக்கமாக "டுமேலா" என்று சொல்லுங்கள், முகம் மலர்ந்து பதில் சொல்வார்கள். அன்றைக்கே கீழே இறங்குவதாக இருந்தால் மூன்று மணிக்கு வண்டியை எடுத்துவிடுங்கள். இருட்டும் முன் மோட்டெங் கணவாயைத் தாண்டிவிட்டால் எல்லைக்கு நிதானமாகப் போகலாம்.